ஆர்ச்சரியில் இரண்டு வீடுகள்

தலைவர்கள் வளர்ந்த வீட்டை நினைவிடம் ஆக்கும்போது பல இடங்களில் முதலில் காணாமல் போவது வீடுதான். சுவர் முழுக்கப் படங்கள். யாரோ ஒரு வெளிநாட்டுப் பிரமுகருடன் கைகுலுக்கும் படம், மேடையில் பேசும் படம், மாலையோடு ஒரு படம். கண்ணாடிப் பெட்டிக்குள் பேனா, மூக்குக்கண்ணாடி, வேட்டி. அடுப்படி எங்கே இருந்தது? தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழை நாளில் குழந்தைகள் எங்கே படுத்தார்கள்? வயலில் வேலை செய்தவர்கள் யார், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? இதில் எதற்கும் பதில் இருக்காது. எனக்கோ அதுதான் தெரிய வேண்டும்.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வளர்ந்த பண்ணைக்குப் போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன். நான் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்த இடத்தில் பதில் இருக்கிறது. சில பதில்கள் சங்கடமானவை. அவற்றையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இடம் ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கிறது. அட்லாண்டாவிலிருந்து தெற்கே காரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நகரம் விலக விலக மண் சிவக்கிறது, பைன் மரங்கள் அடர்கின்றன, பிறகு பருத்தியும் நிலக்கடலையுமாக வயல்கள் விரிகின்றன. பிளெய்ன்ஸ் என்பது அறுநூறு பேர்கூட இல்லாத சிற்றூர். ஒரே வரிசைக் கடைகள், எதிரே பழைய ரயில் நிலையம். 1976 தேர்தலின்போது கார்ட்டரின் பிரசார அலுவலகமாக இருந்தது அந்த ரயில் நிலையம்தான். ஊரில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் 13 அடி நிலக்கடலைச் சிலை ஒன்று உண்டு. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கார்ட்டர் படித்த பள்ளியும் இப்போது அருங்காட்சியகம். இதையெல்லாம் அரை நாளில் பார்த்துவிடலாம். நான் சொல்ல வந்தது ஊருக்கு மேற்கே இரண்டரை மைல் தள்ளியிருக்கும் ஆர்ச்சரி என்ற குடியிருப்பைப் பற்றி.

1928இல், ஜிம்மிக்கு நான்கு வயதாகும்போது, அவருடைய அப்பா ஏர்ல் கார்ட்டர் அங்கே நிலத்தோடு வீட்டையும் வாங்கினார். நிலம் 360 ஏக்கர் அளவில். 1941இல் கல்லூரிக்குக் கிளம்பும்வரை ஜிம்மி வளர்ந்தது அங்கேதான். 1949இல் அந்தப் பண்ணை கைமாறியது. பிறகு தேசியப் பூங்காச் சேவை அதை வாங்கிச் சீரமைத்து, 2000 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

சீரமைக்கும்போது அவர்கள் எடுத்த ஒரு முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வீட்டை எந்தக் காலத்துத் தோற்றத்துக்குக் கொண்டுபோவது? அதிபரான 1977க்கா? கடற்படைப் பள்ளியில் சேர்ந்த காலத்துக்கா? இரண்டும் இல்லை. மின்சாரம் வருவதற்கு முந்தைய 1930களுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் வீட்டுக்குள் நுழைகிறவர் பார்ப்பது ஓர் அதிபரின் வாழ்க்கை வரலாற்றை அல்ல. மின்விளக்கு இல்லாத ஒரு பண்ணை வீட்டை. மண்ணெண்ணெய் விளக்குகள், விறகு அடுப்பு, கணப்பு, மேசைமேல் பேட்டரி வானொலி.

மரப்பலகை வீடு. முன்னால் அகலமான தாழ்வாரம், அதில் ஊஞ்சல். வாசலில் புல் கிடையாது, பெருக்கிவிட்ட மணல்தான். ஜிம்மியின் அறை வடகிழக்கு மூலையில், கணப்பு இல்லாத அறை. பனிக்காலத்தில் அங்கே படுத்த பையன் எப்படி நடுங்கியிருப்பான் என்று பார்த்தாலே தெரியும். முதல் சில ஆண்டுகள் தண்ணீருக்குப் பின்புறத்து அடிகுழாய்தான், கழிப்பறை வெளியேதான். துடைப்பதற்குப் பழைய செய்தித்தாளும் விற்பனைப் பட்டியல் புத்தகத்தின் தாளும். 1935இல் ஏர்ல் ஒரு காற்றாலை நிறுவினார். அதன்பிறகு வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வந்தது, குளியலறையும் வந்தது. தூவாலைக் குழாய் என்பது அடியில் ஆணியால் துளை போட்ட ஒரு வாளி. வருவது பச்சைத் தண்ணீர். அந்த வாளி இப்போதும் தொங்குகிறது. முன்னே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் செய்த மனிதரின் சிக்கனமும் கைத்திறனும் அதில் தெரிகின்றன.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: கார்ட்டர் குடும்பம் ஏழைக் குடும்பம் இல்லை. அந்த வட்டாரத்தில் வசதியானவர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஏர்ல் ஒரு டென்னிஸ் மைதானம் போட்டிருந்தார். மண் தரைதான், ஆனாலும் மைதானம். வசதியானவர் வீட்டிலேயே விளக்கு இல்லை, குழாய் இல்லை என்றால் மற்றவர்கள் வீடு எப்படி இருந்திருக்கும்? அங்கேயிருந்து சற்றுத் தூரம் நடந்தால் அதற்கும் பதில் கிடைக்கிறது.

நடக்கும் வழியில் பண்ணைக் கடை, கொல்லுப்பட்டறை, தொழுவம். கடையில் மண்ணெண்ணெய், மாவு, பன்றிக் கொழுப்பு, புகையிலை, மேலாடை என்று வேலையாட்களுக்குத் தேவையான எல்லாம் விற்றார்கள். கூலி கொடுக்கிறவரும் கடன் கொடுக்கிறவரும் ஒருவரே. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் அளவில் கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. வாரத்துக்கு உழுதவர்கள் விதையும் உரமும் கடனாக வாங்கி, விளைச்சலில் கழிப்பார்கள். கணக்கு முடியும்போது கையில் என்ன மிஞ்சும் என்பது அந்த வருடத்து மழையையும் பருத்தி விலையையும் பொறுத்தது. பளபளப்பாகத் துடைத்த அந்தக் கல்லாவைப் பார்த்து 'அழகான பழைய கடை' என்று சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு அது அவ்வளவு அழகாகப் படவில்லை. அந்தப் பண்ணையின் இதயம் அந்தக் கடைதான், ஆனால் யாருடைய வயிறு யாருடைய கணக்குப் புத்தகத்தில் கிடந்தது என்று தெரிந்துகொண்டு அதைப் பார்க்க வேண்டும்.

வேலையும் லேசானதல்ல. பருத்திக்குக் காய்வண்டு பெரும் பகை. அதைக் கொல்ல ஆர்சனிக்கையும் கரும்புப் பாகையும் தண்ணீரில் கலந்து, ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு, குச்சி நுனியில் கந்தல் கட்டி, செடி செடியாகப் பருத்தி மொட்டில் தடவிக்கொண்டே போக வேண்டும். பையன்களுக்கான வேலை அது. பாகு வடிந்து கால்சட்டை விறைத்துவிடும். ஈயும் தேனீயும் கூடவே வரும். சிறுவயதில் தான் வெறுத்த வேலை அது என்று கார்ட்டர் எழுதியிருக்கிறார். கொல்லுப்பட்டறையில் துருத்தி சுழற்றுவது மட்டும் பிடித்ததாம், அப்பாவோடு சேர்ந்து செய்த வேலை என்பதால்.

நிலக்கடலையை அவர் விற்கத் தொடங்கியது பள்ளிக்குப் போகும் முன்பே. வயலில் செடி பிடுங்கி, காயைக் கழுவி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, காகிதப் பையில் கட்டி, தண்டவாளத்தின் வழியே பிளெய்ன்ஸுக்கு நடந்துபோய் விற்பார். அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு நிலக்கடலை என்றால் வறுத்ததுதான். தெற்கில்தான் பச்சைக் கடலையைத் தோலோடு அவிக்கிறார்கள். இப்போதும் சாலையோரம் பெரிய பாத்திரத்தில் அவித்து விற்கிறார்கள், வாங்கிக் கடித்தேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாக நீட்டும் பொட்டலத்தின் அதே ருசி. ஒன்பது வயதில் தன் சேமிப்பைக் கொண்டு, பவுண்டு ஐந்து சென்ட் விலையில் பருத்திப் பொதிகள் வாங்கிப் போட்டு, விலை ஏறியதும் விற்று, வாடகைக்கு விடும் வீடுகள் வாங்கினார் அந்தப் பையன். பிற்காலத்தில் செலவுக் கணக்கில் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியதில் வியப்பே இல்லை.

இனி இரண்டாவது வீடு.

பெரிய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் தம்பதியின் வீடு இருக்கிறது. இருவரும் கறுப்பினத்தவர். ஜாக் தொழுவத்தையும் கோவேறு கழுதைகளையும் பார்த்துக்கொண்டவர். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பண்ணை மணியை அடித்து எல்லோரையும் எழுப்புவது அவருடைய வேலை. கார்ட்டர் தன் இளமைக் காலத்தைப் பற்றி 2001இல் வெளியிட்ட 'ஆன் அவர் பிஃபோர் டேலைட்' என்ற நூலின் பெயர் வந்தது அந்த மணியிலிருந்துதான். ரேச்சல் வயலில் பருத்தி எடுப்பதில் எல்லோரையும் மிஞ்சியவர். ஜிம்மியை ஆற்றோரம் மீன்பிடிக்க அழைத்துப்போவார். மரம், பறவை, கடவுள், மனிதன் செய்ய வேண்டியது, கூடாதது எல்லாவற்றையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அப்பா அம்மா வெளியூர் போனால் பையன் இந்த வீட்டில்தான் தூங்குவான். தரையில் விரித்த, சோளச் சருகு அடைத்த மெத்தையில்.

வீட்டின் உள்ளே சில எட்டு வைத்தால் மறுபுறம் வந்துவிடுகிறது. பெரிய வீட்டிலும் மின்சாரம் இல்லைதான். ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் கஷ்டப்பட்டார்கள்' என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வீட்டுக்கும் அடுத்தடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குக் காற்றாலை வந்தது, மற்றொன்றுக்கு வரவில்லை.

தாய் தகப்பனைத் தவிர்த்து, தன்னை ஆழமாகப் பாதித்த ஐந்து பேரில் இருவர் மட்டுமே வெள்ளையர் என்று கார்ட்டர் எழுதினார். ரேச்சல் அந்த ஐவரில் ஒருவர். பிஷப் வில்லியம் டெக்கர் ஜான்சன் இன்னொருவர். ஆர்ச்சரியில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களுக்காக அங்கே ஒரு பள்ளி தொடங்கி நடத்தியவர் அந்த பிஷப். ஏர்ல் கார்ட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் காரில் வந்து வாசலில் நிறுத்துவாராம். கறுப்பினத்தவர் முன்வாசல் வழியே வருவது அன்றைய வழக்கத்தில் இல்லை. பின்வாசலுக்குப் போக பிஷப் தயாரில்லை. ஆகவே காரிலேயே இருப்பார், ஏர்ல் வெளியே வந்து மரத்தடியில் நின்று பேசுவார். பிஷப்பின் மகன் வேறு மாதிரி. வெளியூரில் படித்தவர், நேராக முன்வாசலுக்கே வந்து கதவைத் தட்டுவார். ஜிம்மியின் அம்மா லில்லியன் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசுவார். ஏர்ல் அந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவார். முன்வாசல் யாருக்கு, பின்வாசல் யாருக்கு என்பதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாழ்வாரத்துப் படியில் கால் வைத்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

லில்லியன் செவிலியர். ஆர்ச்சரியின் கறுப்பினக் குடும்பங்களில் பிரசவமோ நோயோ என்றால் போய்ப் பார்த்தவர். 1966இல், தன் அறுபத்தெட்டாவது வயதில், அமைதிப் படைத் தொண்டராக இந்தியாவுக்கு வந்தார். மும்பை விக்ரோலியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மருத்துவப் பணி செய்தார்.

வானொலிக் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஜன்னல் இன்னும் அங்கேயே இருக்கிறது. 1938 ஜூன் 22. நியூயார்க்கில் ஜோ லூயிஸுக்கும் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்குக்கும் குத்துச்சண்டை. ஜோ லூயிஸ் கறுப்பினத்தவர். வானொலியில் கேட்கலாமா என்று பண்ணையின் கறுப்பின மக்கள் ஏர்லிடம் கேட்டார்கள். அவர் ஜன்னலில் வானொலியை வைத்தார். உள்ளே அழைக்கவில்லை, வெளியே மரத்தடியில் அவர்கள் நின்றும் உட்கார்ந்தும் கேட்டார்கள். முதல் சுற்றிலேயே லூயிஸ் ஷ்மெலிங்கை வீழ்த்திவிட்டார். ஏர்லின் முகம் வாடிவிட்டது. வெளியே ஒரு சத்தம் இல்லை. "நன்றி மிஸ்டர் ஏர்ல்" என்று சொல்லிவிட்டு, மண்சாலையைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்து, ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆரவாரம் வெடித்தது. இரவு முழுக்கக் கொண்டாட்டம்.

ஜிம்மிக்கு அப்போது பதின்மூன்று வயது. இரண்டு வீட்டிலும் தூங்கியவன், அந்த மௌனத்தையும் ஆரவாரத்தையும் கேட்டவன். ஆனால் உடனே எல்லாம் புரிந்துவிட்டதாக அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. கறுப்பின நண்பனோடு சினிமா பார்க்க அமெரிக்கஸ் நகரத்துக்கு ரயிலில் போவார். ஆர்ச்சரியில் கொடியைத் தூக்கிக் காட்டினால் ரயில் நிற்கும். சேர்ந்து நடந்துபோய், வெவ்வேறு பெட்டியில் ஏறி, தியேட்டரில் வெவ்வேறு தளத்தில் உட்கார்ந்து, திரும்பச் சேர்ந்து வீட்டுக்கு நடந்து வருவார்கள். அன்று அது கேள்வியாகவே தோன்றவில்லை என்கிறார். பதினான்கு வயதுவாக்கில் ஒருநாள் மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் வழியில், கூட வந்த இரண்டு நண்பர்கள் படலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள், முதலில் இவர் போகட்டும் என்று. ஏதோ விளையாட்டு, காலில் கயிறு கட்டியிருப்பார்கள் என்று இவர் நினைத்தாராம். விளையாட்டு இல்லை. இனி நீ வேறு நாங்கள் வேறு என்று அவர்கள் வீட்டில் சொல்லியனுப்பியிருக்க வேண்டும். பண்ணைத் தொழுவத்துக்குப் பின்னால் வேலியோரம் நடக்கும்போது இதைப் படித்திருந்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் எனக்கு அது வெறும் வேலியாகத்தான் இருந்திருக்கும்.

1970இல் ஆளுநர் தேர்தலில் நின்றபோது இனப்பிரிவினையை ஆதரித்தவர்களின் வாக்குகளையும் கார்ட்டர் நாடினார். அதை மறைக்க முடியாது. வென்று, 1971 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று மேடையில் அறிவித்தார். வாக்களித்தவர்களில் பலர் அதிர்ந்துபோனார்கள். அவருடைய மனசாட்சி எப்போது விழித்தது என்று விவாதிக்கிறவர்கள் உண்டு. ரேச்சல் கிளார்க்கின் வீட்டைப் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது, அந்த மேடைப் பேச்சில் ஒரு பங்கு அந்தச் சோளச் சருகு மெத்தைக்கு உண்டு என்பதுதான்.

அந்தப் பண்ணைக்கு மின்சாரம் வந்ததும் ஒரு விசித்திரமான கதை. ரூஸ்வெல்ட்டின் அரசு 1933இல் விலையை உயர்த்துவதற்காக விளைந்து நின்ற பருத்தியை உழுது அழிக்கச் சொன்னது, பன்றிகளைக் கொல்லச் சொன்னது. ஏர்ல் அதை மன்னிக்கவே இல்லை. அதே ரூஸ்வெல்ட் 1935இல் தொடங்கிய கிராமப்புற மின்மயத் திட்டத்தால்தான் சில ஆண்டுகளில் இந்த வீட்டுக்கு விளக்கு வந்தது. ஏர்ல் உள்ளூர் மின் கூட்டுறவின் நிர்வாகத்தில்கூடச் சேர்ந்துகொண்டார். விளக்கு எரிந்த நாளை வாழ்நாள் முழுக்க மறக்காத அந்தப் பையன், 1979இல் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரியத் தகடுகளை வைத்தார். அடுத்து வந்தவர் காலத்தில் அவை இறக்கப்பட்டன. 2017இல் பிளெய்ன்ஸில் தன் நிலத்தில் பத்து ஏக்கரைச் சூரிய மின் உற்பத்திக்குக் கொடுத்தார். ஊருக்குத் தேவையான மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்து கிடைக்கும் என்பது திட்டம்.

தண்ணீரும் அப்படித்தான். வருடத்தில் பாதிக்கு மேல் வெறுங்காலோடு திரிந்து, கொக்கிப்புழுத் தொல்லையும் பட்ட பையன் அவர். பிற்காலத்தில் அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் 1986இல் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க இறங்கியபோது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆண்டுக்கு 35 லட்சம் பேர் அதனால் அவதிப்பட்டார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2024இல் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் பதினைந்து பேர்தான். மாத்திரையால் அல்ல, தடுப்பூசியால் அல்ல, குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்ச் சொல்லி நடந்த வேலை இது. ஊருணித் தண்ணீர் குடிக்கிற மக்களை அலட்சியமாகப் பார்க்காத ஒருவரால்தான் முப்பது நாற்பது வருடம் இதன் பின்னால் நிற்க முடியும்.

2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயதில், பிளெய்ன்ஸில் தன் வீட்டிலேயே இறந்தார். 2025 ஜனவரி 4 அன்று இறுதி ஊர்வலம் தொடங்கியபோது, வண்டிகள் இந்தப் பண்ணையின் முன் நின்றன. பூங்கா ஊழியர்கள் வரிசையாக நின்று வணக்கம் செலுத்த, பண்ணை மணி 39 முறை ஒலித்தது. நாட்டின் 39ஆவது அதிபர் என்பதற்காக. ஜாக் கிளார்க் மணி அடித்து எல்லோரையும் எழுப்பிய பண்ணையில் அது நடந்தது எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

போக நினைப்பவர்களுக்கு. கோடையைத் தவிர்த்துவிடுங்கள், வெக்கையைக்கூடப் பொறுக்கலாம், தெற்கு ஜார்ஜியாவின் சிறு ஈக்கள் கண்ணுக்குள்ளேயே வரும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றால் கடலை பிடுங்கும் காலம், பருத்தியும் வெடித்திருக்கும். வீட்டில் பொத்தானை அழுத்தினால் கார்ட்டரின் குரலிலேயே பழைய நாட்களைப் பற்றிக் கேட்கலாம், அவசரப்படாமல் முழுதும் கேளுங்கள். அவருடைய நூலைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் ஆட்டையும் கோழியையும் காட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். பலர் பெரிய வீட்டையும் கடையையும் பார்த்துவிட்டுக் காருக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் கிளார்க் தம்பதியின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு பெரிய வீட்டுக்குப் போங்கள்.